மீட்டரும் அட்டையும்: மும்பை டாக்சியில் ஓர் அளவுகருவியின் வரலாறு

காரைச் செய்த நிறுவனம் வைக்காத அளவுகருவியை உரிமையாளர் பின்னர் வாங்கிப் பொருத்துவது இன்று ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவே பேசப்படுகிறது. இந்திய நகரங்களில் நமக்கு மிகவும் பழகிய அத்தகைய கருவியோ பிழைப்புக்காகப் பொருத்தப்பட்டது: டாக்சி மீட்டர். ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் குஸ்தாவ் புரூன் 1891-இல் உருவாக்கிய இக்கருவி முதலில் குதிரை வண்டிகளில்தான் ஏறியது. 'டாக்சி' என்ற சொல்லே 'டாக்சிமீட்டர்' என்பதன் சுருக்கம். கருவியின் பெயர் வண்டிக்கு ஆகி வந்திருக்கிறது.

மும்பையின் கருப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்வோம். குர்லா ஆலையிலிருந்து வரும்போது அதில் வேகமானி இருந்தது, மீட்டர் இல்லை. உரிமையாளர் தம் செலவில் வாங்கி, காரின் முன்புற இடப்பக்கத்தில், வெளியே பொருத்தினார். கொடி நிமிர்ந்திருந்தால் வண்டி காலி. தாழ்ந்தால் சவாரி தொடங்கிவிட்டது. தெருவில் நிற்பவருக்குத் தொலைவிலிருந்தே இது தெரியும். பின்னிருக்கையில் அமர்ந்தவர்தான் எண்ணைப் படிக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது.

வண்டியின் ஓட்டத்திலிருந்து கேபிள் வழியே வரும் சுழற்சி உள்ளிருக்கும் பல்சக்கரங்களைத் திருப்பும். வண்டி நின்றாலோ ஊர்ந்தாலோ கடிகாரம் அவ்வேலையை ஏற்கும். கருவி எண்ணுவது சுழற்சியைத்தான், சாலையை அன்று. எனவே டயர் தேய்ந்து சுற்றளவு குறைந்தால், அதே தூரத்துக்குக் கட்டணம் சற்றே கூடும். வேகமானியும் இதே வகைச் சுழற்சியைத்தான் அளக்கிறது. ஆனால் அதற்கு யாரும் முத்திரை வைப்பதில்லை. மீட்டரில் பணம் இருப்பதால், அரசின் எடையளவுத் துறை அதைச் சோதித்து முத்திரையிட்டது.

அந்த முத்திரைதான் சிக்கலின் வேர். கட்டணம் உயரும்போதெல்லாம் ஒவ்வொரு மீட்டரின் முத்திரையையும் உடைத்து, பல்சக்கரங்களை மாற்றி, மீண்டும் சோதித்து முத்திரையிட வேண்டும். இது பல்லாயிரம் வண்டிகளின் கதை. அச்சிட்ட கட்டண அட்டையோ மலிவானது, விரைவானது. ஆகவே கருவி பழைய விலையிலேயே நின்றது. அட்டை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 2010 உயர்வுக்குப் பின், மீட்டரில் 1.00 என்று தெரிந்தால் பயணி தர வேண்டியது 16 ரூபாய். கொல்கத்தாவிலும் மீட்டர் எண்ணை இரட்டித்து, அதன்மேல் சேர்த்துக் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

டாக்சிக் கட்டணத் தகராறுகளை ஓட்டுநரின் நேர்மைக் குறைவாக மட்டும் வாசிப்பது இதனாலேயே போதாது என்பது என் கருத்து. போலி அட்டைகள் புழங்கியது உண்மை. மீட்டரில் கைவைத்தோரும் உண்டு. ஆயினும் மீட்டர் காட்டும் எண் விலையன்று என்ற நிலையை உண்டாக்கியது நிர்வாகத்தின் தேர்வு. அதன் விளைவை இருவர் சுமந்தனர். ஊருக்குப் புதிதாக வந்த பயணிக்குக் கண்முன் தெரியும் எண்ணை நம்ப வழியில்லை. முறையாக அட்டையை நீட்டிய ஓட்டுநருக்கோ ஒவ்வொரு சவாரியின் முடிவிலும் தம் நேர்மையை மெய்ப்பிக்கும் வேலை. முத்திரை கருவியின் மேல் இருந்தது. உண்மை காகிதத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. (நாணயவியல் மாணவர்கள் முகமதிப்புக்கும் செலாவணி மதிப்புக்கும் உள்ள இடைவெளியை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

2010-களின் தொடக்கத்தில் மின்னணு மீட்டர் கட்டாயமானபோது, இந்த இடைவெளி மூடப்படும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. செலவு தம் தலையில் விழுந்ததால் ஓட்டுநர் சங்கங்கள் எதிர்த்தன. வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. அன்றாடச் சவாரியில் பெருக்கல் கணக்கு மறைந்தது உண்மைதான். ஆனால் மறுசோதனையும் முத்திரையும் மறையவில்லை. 2022 அக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாயிலிருந்து 28 ஆனபோது, மீட்டர்களைத் திருத்த ஓட்டுநர்களுக்குச் சில மாதங்கள் தரப்பட்டன. அதுவரை அவர்கள் நீட்டியது கட்டண அட்டையைத்தான்.