குதிரைகள் முன்னால், பிடிப்பு பின்னால்



இந்த வாரம் அமெரிக்க 'மசில் கார்' பற்றி. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வி8 எஞ்சினை வைத்து 1960-களில் விற்ற கார்கள் இவை. இவற்றின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். நான் உங்களைப் பின்பக்கம் வந்து, குனிந்து, அடியில் பார்க்கச் சொல்கிறேன். பாதி வரலாறு அங்கேதான் இருக்கிறது.

1964-இல் பான்டியாக் ஜிடிஓ வந்தது. 389 கன அங்குல எஞ்சின், 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் வைத்தால் 348. ஆனால் அன்றைய டயர், நம் ஊரில் 'நைலான் டயர்' என்போமே, அந்த வகை. அகலமும் குறைவு. சிக்னலில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் பாயாது. டயர் புகையும், பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கும்.

ஏன்? வகுப்பில் படித்த உராய்வுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். டயர் தள்ளக்கூடிய விசைக்கு ஓர் எல்லை உண்டு. அதன் மீது இறங்கும் எடை, உராய்வுக் குணகம் இரண்டின் பெருக்கல்தான் அந்த எல்லை. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் அதைத் தாண்ட முடியாது. இந்தக் கார்களிலோ கனமான எஞ்சின் முன்னால். தள்ளும் சக்கரங்கள் பின்னால். 1600 கிலோ காரில் பின் சக்கரங்களுக்குக் கிடைப்பது சுமார் 720 கிலோ என்று வையுங்கள். கார் பாயும்போது எடை பின்னோக்கி மாறும். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு வேகம் எடுத்தால், ஏறக்குறைய 150 கிலோ பின்னால் கூடும். அந்த 150 கிலோவைச் சிந்தாமல் டயருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பின் சஸ்பென்ஷனின் வேலை.

அதைக் கெடுப்பது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆக்சில் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, ஆக்சில் கூடு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமாரோ, கிரைஸ்லர் கார்கள் எல்லாவற்றிலும் ஆக்சிலைப் பிடித்திருந்தது லாரிப் பட்டை. ஆம், நம் கொல்லர்கள் அரிவாள் அடிக்க எடுக்கிறார்களே, அதே பட்டைதான். முறுக்கு ஏறியதும் பட்டை ஒரு பாம்பு போல வளையும். டயர் பிடி விட்டதும் சட்டென்று நிமிரும். மறுபடி பிடிக்கும், மறுபடி வளையும். நொடிக்குப் பல முறை பின் சக்கரம் குதிக்கும். இதற்கு 'வீல் ஹாப்' என்று பெயர். இது தொடர்ந்தால் யுனிவர்சல் ஜாயின்ட்டும் ஆக்சில் ஷாஃப்ட்டும் உடையும்.

இதற்கு நல்ல தீர்வு கண்டவர்களில் கிரைஸ்லர் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். பட்டையின் நடுவில் ஆக்சிலைக் கட்டாமல், முன்னால் தள்ளிக் கட்டினார்கள். முன் பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் நின்று முறுக்கைத் தாங்கியது. நீளமான பின் பாதி மேடு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டது. ஆக்சிலின் மூக்கு மேலே எழும்பாதபடி மேலே ஒரு ரப்பர் கட்டையும் வைத்தார்கள். பெரிய செலவில்லாத, அழகான இயற்பியல்!

கமாரோவின் கதை வேறு. 1967-இல் அதற்கு ஒற்றைப் பட்டை, குதித்தது. 1968-இல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். ஆக்சில் எந்தப் பக்கம் முறுக்கினாலும் தடுக்க ஓர் ஆள் இருக்கும். சக்தி கூடிய வகைகளுக்குப் பல பட்டைகளும் வந்தன. அதே ஆண்டு 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கின் நாலு கியர் கார்களிலும் இதே ஷாக் ஏற்பாடுதான்.

இன்னொரு சிக்கல், புரொபல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தை லேசாக்கிவிடும். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்த ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். சாலையில் ஒற்றைக் கறுப்புக் கோடு விழும். இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பகிரும் டிஃபரன்ஷியலை 1956-இல் பேக்கார்டு கொண்டுவந்திருந்தது. மசில் கார் வாங்கியவர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பந்தயத்துக்குச் செய்வது வேறு, சாலைக்குச் செய்வது வேறு. 1950-களின் இறுதியில் 'ராம்சார்ஜர்ஸ்' என்ற கிரைஸ்லர் பொறியாளர் குழு, 1949 பிளிமத் காரை வேண்டுமென்றே உயரமாகத் தூக்கிக் கட்டியது. எடை மையம் உயர்ந்தால் பின் சக்கரத்துக்கு எடை நிறைய மாறும் அல்லவா? நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அது சரி. சாலை வளைவில் அப்படிப்பட்ட காரை நம்ப முடியாது.

சுருள் ஸ்பிரிங்கும் நான்கு இணைப்புக் கைகளும் கொண்ட பான்டியாக், பியூக் கார்களிலும் இதே பாடம்தான். மேல் கையின் பின் முனையை உயர்த்தினால், புறப்படும்போது டயர் தரையில் நன்றாக அழுந்தும். அளவு மீறினால், பிரேக் போடும்போது பின்பக்கம் தூக்கிக் குதிக்கும். புறப்படுவதற்காகச் செய்தது நிற்பதைக் கெடுத்துவிடும். கால் மைல் ஓடுபவருக்கு இது சிறிய விஷயம். பிள்ளைகளை உட்காரவைத்து மழையில் ஓட்டுபவருக்கு உயிர் விஷயம்.

1971 முதல் புகைக் கட்டுப்பாடு, காப்பீட்டுச் செலவு, 1973-இல் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்தன. சக்தி பிறகு திரும்பி வந்தது. 2015-இல் மஸ்டாங் வரிசை முழுவதும் தனித்தனிப் பின் சஸ்பென்ஷனுக்கு மாறியது. 2018 டாட்ஜ் டீமனில் 808 குதிரைத்திறன்; அதற்காக 315 மில்லிமீட்டர் அகல டயர், கணினி இறுக்கித் தளர்த்தும் ஷாக். ஆனால் உராய்வு விதி மாறவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் பழைய கார் வாங்கி எஞ்சினைப் பெரிதாக்க ஆசைப்படுகிறார்கள். வரலாறு சொல்லும் வரிசை இதுதான்: முதலில் நல்ல டயர், பிரேக். அடுத்து தேய்ந்த ரப்பர் புஷ், ஷாக். பிறகு பட்டை அல்லது இணைப்புக் கைகளின் கோணம், டிஃபரன்ஷியல். எஞ்சின் கடைசியில். பெரும்பாலோர் தலைகீழாகத்தான் செலவு செய்கிறார்கள்.

லாரிப் பட்டறையில் அனுபவம் உள்ளவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.