அம்பாசடரின் நான்கு எண்கள்: ஒரு வாசிப்பு

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1950களின் பிற்பகுதி முதல் 2014 மே வரை அம்பாசடரை உருவாக்கியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வடிவை ஏற்ற அவ்வண்டி, தொடக்கத்தில் பக்கவாட்டு வால்வு எஞ்சினையும், விரைவிலேயே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சி.சி. பி-வரிசை எஞ்சினையும் பெற்றது. பல்லாண்டுகள் ஓடிய அத்தகைய எஞ்சினின் வரலாற்றை அறிய, திறந்து பார்ப்பதற்கு முன் ஒரு வழி உண்டு: கம்ப்ரஷன் சோதனை.

சூடேறிய எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்திச் சுழற்றினால் நான்கு எண்கள் கிடைக்கின்றன. அவற்றின் தனி அளவு ஓரளவே பொருள் தரும். மானிக்கு மானி வேறுபாடு உண்டு. கடல்மட்டத்தை ஒட்டிய கொல்கத்தாவில் காட்டும் அளவைவிட டார்ஜிலிங்கின் உயரத்தில் அதே எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். பொருள் இருப்பது எண்களுக்கிடையிலான வேறுபாட்டில்தான். மொழிக்குறியின் மதிப்பு பிற குறிகளோடான உறவால் அமைகிறது என்ற சொசூரின் கருத்து, எதிர்பாராத ஓரிடத்தில் இங்கே பொருந்துகிறது. மிகக் குறைந்த எண், மிகுந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கினால் கவலைக்குரியது என்பது பட்டறைகளின் நெடுநாள் வழக்கு.

குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுறலாம். எடுத்துக்காட்டாக 140, 95, 95, 140 என வந்தால் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கட் விட்டுப்போயிருக்கக்கூடும். பி-வரிசையில் இவ்விரண்டும் ஒரே வெளியேற்றுத் துளையைப் பகிர்வதால் அப்பகுதி கூடுதலாகச் சூடேறுவதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எண் மிகுவதும் எப்போதும் நலமன்று. எரியறையில் கரி படிந்தாலும் அது மிகும்.

வால்வுக் கசிவில் நாட்டின் எரிபொருள் வரலாறும் பதிந்திருக்கக்கூடும். பெட்ரோலில் கலந்த ஈயம், வார்ப்பிரும்புத் தலையில் வெளியேற்று வால்வின் இருக்கைக்குக் காப்பாக அமைந்திருந்தது. 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. பொது நலம் கருதிய அம்முடிவு சரியானதே. ஆனால் கடின இருக்கை பொருத்தப்படாத பழைய தலைகளில் வால்வு மெல்ல உள்வாங்கி, டாப்பெட் இடைவெளி சுருங்கி, வால்வு முழுமையாக மூடாத நிலை தோன்றலாம். எனவே தலையைக் கழற்றுமுன் டாப்பெட்டைச் சரிசெய்து மறுபடி அளப்பதே முறை. பல எஞ்சின்கள் அத்துடன் பிழைத்துக்கொள்ளும்.

2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வணிக வண்டிகளைப் பெருநகர்ப் பகுதியிலிருந்து நீக்க ஆணையிட்டது. மஞ்சள் டாக்சிகளின் ஆயுளை அவ்வாணை வரையறுத்தது பதிவேட்டிலுள்ள ஆண்டைக் கொண்டே. சிலிண்டரின் நிலை அங்கே கணக்கில் வரவில்லை. அதற்காக அழுத்த எண்ணை வைத்துப் புகையை அளந்துவிட முடியும் எனக் கருதுவதும் பிழை: நான்கும் சீராக உள்ள எஞ்சினும் கார்புரேட்டர் கெட்டால் கரும்புகை கக்கும்.