றொஸ் துவக்கும் கனடா நாட்டவர் கழிவிரக்கமும்

முதலாம் உலகப் போரின் வரலாற்றைக் கற்போர் அரசர், அமைச்சர், தளபதிகள் ஆகியோர் செயல்களையே பெரிதும் நோக்குவர். போர்வீரன் கையிலிருந்த துவக்கு அவன் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடப் புகின், போர்க்களத்திற் காணக்கிடையாத உண்மைகள் சில பண்டகசாலைகளிலும் அமைச்சு அலுவலகங்களிலும் கிடைத்தல் கூடும். கனடா நாடு தன் படைக்கென வாங்கிய றொஸ் துவக்கின் வரலாறு அத்தகையது. 1902ஆம் ஆண்டில் மனமகிழ்ச்சியோடு செய்யப்பட்ட அக்கொள்வனவை எண்ணி, பதினைந்து ஆண்டு செல்வதற்குள் அந்நாட்டார் வருந்த நேர்ந்தது. அவ்வருத்தம் எல்லார்க்கும் ஒரே காலத்தில் உண்டாகவில்லை. துவக்கைச் சுமந்தவன் முதலில் வருந்தினான்; அதனை வாங்கிக் கொடுத்தவன் கடைசியில் வருந்தினான், அல்லது வருந்தாமலே விட்டான். இவ்விடைவெளியே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குரியது.

1899ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவிற் போவர் யுத்தம் மூண்டது. கனடாவும் அங்குப் படையனுப்பிற்று. தன் படைக்கு மேலும் லீ-என்பீல்ட் துவக்குகள் வேண்டுமெனக் கனடா கேட்டபொழுது, தன் தேவைக்கே போதாத நிலையிலிருந்த பிரித்தானியா கைவிரித்தது. பேர்மிங்காம் நகரத்துத் துவக்குத் தொழிலதிபர் கனடாவில் ஓர் ஆலை நிறுவுதற்கும் இசைந்திலர். டொமினியன் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. 1948 முதல் 1972 வரை இலங்கையும் அப்பெயரைப் பூண்டிருந்தது. அப்பெயரை நமக்கு மிக முன்னரே பூண்ட ஒரு நாடு, தன் வீரர்க்கு வேண்டிய துவக்கினுக்குப் பிறர் வாயிலில் நிற்றல் தகுமோ என்று ஒட்டாவாவில் இருந்தோர் எண்ணினர். இவ்வெண்ணத்திற் குற்றங் காண்பதற்கில்லை. பின்வந்த இழிவுகளைக் கண்டு, தொடக்கத்தையே பழித்துரைக்கும் ஆசிரியர் சிலர் உளர். அவரோடு யாம் உடன்படோம்.

அந்நேரத்திலே சேர் சாள்ஸ் றொஸ் என்பார் முன்வந்தார். இவர் ஸ்கொத்லாந்தின் பெருநிலக்கிழார். வேட்டையிலும் பொறிவினையிலும் வல்லவர். ஒஸ்திரியரது மான்லிக்கர் துவக்கின் முறையைத் தழுவித் தாமே ஒரு துவக்கை அமைத்திருந்தார். தம் செலவிலே கனடாவில் ஆலை நிறுவித் தருவதாக அவர் கூறியபொழுது, பிரதமர் சேர் வில்பிரட் லோறியரின் அரசாங்கம் பெரிதும் மகிழ்ந்தது. 1901இல் ஒரு குழு அத்துவக்கை லீ-என்பீல்ட் துவக்கோடு வைத்துச் சோதித்தது. சோதனையிற் சில குறைபாடுகள் வெளிப்பட்டன. அவை தோட்டாவின் குற்றமேயன்றித் துவக்கின் குற்றமல்ல என்று அமைதி கூறப்பட்டது. குழுவும் துவக்கை ஏற்கலாமென விதந்துரைத்தது. பதினான்கு ஆண்டுகட்குப் பின் மனிதர் மடிந்துகொண்டிருக்கையிலும் இதே அமைதி கூறப்பட்டமையைக் கற்போர் நினைவிற் கொள்க. அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர் சாம் ஹியூஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர்.

1902இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முதலாண்டில் 12,000 துவக்குகளும் பின்னர் ஆண்டுதோறும் 10,000 துவக்குகளும், ஒன்று 25 டொலராக, வாங்குவதென முடிவாயிற்று. கியூபெக் நகரத்து ஏபிரகாம் சமவெளியில் ஆலை எழுந்தது. 1759இல் ஆங்கிலத் தளபதி வூல்வும் பிரெஞ்சுத் தளபதி மொன்காமும் பொருது இருவருமே சாவுக்கேதுவான காயமுற்ற வெளி அது. பேரரசின் படைகளனைத்தும் ஒரே வகைத் துவக்கையே தாங்குதல் நன்றென இலண்டனிலிருந்து எடுத்துரைத்தனர். அறிவுரை நல்லதே, ஆயினும் வேண்டியபொழுது துவக்கைத் தர மறுத்தவரின் அறிவுரையாக அது வந்தது.

முதன்முதல் வருந்தியவர் பொலிசார். மேற்கு மாகாணங்களைக் காத்துநின்ற குதிரைப் பொலிசார்க்கு இத்துவக்குகள் ஏறத்தாழ ஓராயிரம் வழங்கப்பட்டன. 1906இல் ஒரு பயிற்சியின்போது, சுட்ட கணத்திலே துவக்கின் தாழ் பின்னோக்கிப் பாய்ந்து, சார்ஜன்ற் மேஜர் ஒருவரது கண்ணைப் பறித்தது. பொலிசார் அத்துவக்குகளை உடனே களஞ்சியத்தில் இட்டுவிட்டுத் தம் பழைய துவக்குகளையே மீண்டும் எடுத்தனர். பாராளுமன்றத்தில் வினாக்கள் எழுந்தன. திருத்தங்கள் செய்யப்பட்டன, திருத்தத்தின்மேல் திருத்தமாக அவை பெருகி, ஒரு பெயர் கொண்ட துவக்கு பல உருவங்களாயிற்று. 1910இல் வந்த மூன்றாம் வடிவமே பின்னர்ப் போருக்குச் சென்றது.

இதற்கிடையில் ஒரு வெற்றியும் கிட்டியது. அவ்வெற்றியே பெருங்கேடாயிற்று என்பது எம் கருத்து. இங்கிலாந்தின் பிஸ்லித் திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் றொஸ் துவக்கு பரிசுகளை வாரிக்கொண்டது. நீண்ட குழலும் நுட்பமான பார்வைக்கருவியும் உடைய அத்துவக்கிற்குக் குறி தப்புதல் அரிது. போட்டிக்காரன் தன் துவக்கைப் பட்டுத்துணியாற் பொதிந்து கொண்டுசெல்வான். தேர்ந்தெடுத்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக, ஆறுதலாக இடுவான். மழை வந்தாற் காத்திருப்பான். 1911இற் பதவியேற்ற சேர் றொபேட் போடனின் அரசாங்கத்திலே படைத்துறை அமைச்சராக வந்த சாம் ஹியூஸ், இப்பரிசுகளையே சான்றாகக் காட்டினார். அவர் தாமும் குறிபார்த்துச் சுடுவதில் ஆர்வம் மிக்கவர். குறைகூறியோர் அன்றுமுதல் ஒரு துவக்கைக் குறைகூறியவராகக் கருதப்படவில்லை. கனடாவைக் குறைகூறியவராகவே கருதப்பட்டனர்.

துவக்கின் பொறியமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்; அதனையறியாதார்க்குப் பின் நிகழ்ந்தது விளங்காது. சுட்டபின் வெறுந் தோட்டாக்கூடு துவக்கின் அறையினுள் ஒட்டிக்கொண்டிருக்கும். லீ-என்பீல்ட் துவக்கில் வீரன் தாழின் கைப்பிடியை முதலில் மேனோக்கித் திருப்புவான்; பின் இழுப்பான். அத்திருப்பலே கூட்டை நெகிழச் செய்துவிடும். றொஸ் துவக்கிலோ கைப்பிடியைத் திருப்பவேண்டுவதில்லை. நேரே இழுத்து நேரே தள்ளினாற் போதும். விரைவு மிகும் என்பது அதன் சிறப்பு. ஆயின் கூடு இறுகிவிட்டால், போத்தலில் இறுகிய தக்கையைத் திருகாமல் நேரே இழுப்பவன் படும் பாட்டையே வீரனும் படவேண்டும். மேலும் றொஸ் துவக்கின் தோட்டா அறை மிக நெருக்கமானது; கனடாவிலே செம்மையாகச் செய்த தோட்டாக்களுக்கு ஏற்றது. போர்க்காலத்தில் பிரித்தானிய ஆலைகள் பல அவசரத்திற் செய்து குவித்த தோட்டாக்கள் அளவிற் சற்றே பருத்திருந்தன. லீ-என்பீல்டின் அகன்ற அறை அவற்றை ஏற்றது. றொஸின் அறை ஏற்கவில்லை. இவற்றிற்கு மேலாக மற்றொரு குற்றமும் இருந்தது. தாழைப் பின்னிழுக்குந்தோறும் அதன் தலையிலுள்ள புரியின் ஓரம் ஒரு சிறு தடுப்பில் மோதிற்று. இறுகிய தாழைப் பலங்கொண்டு இழுக்க இழுக்க அவ்வோரம் நசுங்கியது. நசுங்க நசுங்கத் தாழ் மேலும் இறுகியது. இவ்வுண்மை தெளிவாகப் புலப்பட்டபொழுது துவக்கே போர்முனையினின்றும் நீங்கிவிட்டது.

1915 பெப்ரவரியில் கனடாவின் முதலாம் டிவிசன் பிரான்சுக்குச் சென்றது. ஏப்பிரில் 22ஆந் திகதி, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கண்மையில், ஜேர்மனியர் குளோரீன் வாயுவை ஏவினர். பக்கத்தே நின்ற பிரெஞ்சுப் படை சிதறியது. அவ்வெளியை அடைத்துநிற்கும் பொறுப்பு கனடியர் தலைமேல் விழுந்தது. 24ஆந் திகதி அவர்மேலும் வாயு வந்தது. நனைத்த துணியை மூக்கிற் கட்டிக்கொண்டு நின்ற வீரர், தம்மை நோக்கி வரும் பகைவரைச் சுட்டனர். சில முறை சுட்டதும் துவக்கு சூடேறித் தாழ் அசையாது நின்றுவிட்டது. பதுங்குகுழியில் துவக்கின் அடியை நிலத்தில் ஊன்றி, சப்பாத்துக் குதியால் உதைத்தும், மண்வெட்டிப் பிடியால் அடித்தும் தாழைத் திறந்தனர். ஒரு தோட்டா வெளிவரும். அடுத்ததற்கும் அதே உதை. வாயு கலந்த காற்றை உள்ளிழுத்துக்கொண்டு, அணுகிவரும் பகைவரைக் காணாமல், குனிந்து தன் துவக்கை உதைத்துக்கொண்டிருந்த இளைஞனின் மனநிலையை வரலாற்றாசிரியர் எவ்வாறு எழுதுவது? அவனுக்கு மான்லிக்கர் முறையும் தெரியாது, ஒட்டாவாவின் பெருமையும் அக்கணத்திற் பொருட்டன்று.

அப்போரில் அந்த டிவிசனில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக ஏறக்குறைய 6,000 பேர். எஞ்சிய காலாட்படையினர் ஏறக்குறைய 5,000 பேரை எண்ணிப் பார்த்தபொழுது, அவருள் 1,452 பேர் தம் றொஸ் துவக்கை எறிந்துவிட்டு, களத்தில் வீழ்ந்துகிடந்த பிரித்தானியரின் லீ-என்பீல்ட் துவக்கை ஏந்தியிருந்தனர். படைவீரன் தனக்களித்த துவக்கைக் கைவிடுதல் குற்றம். மூன்று பேருக்கு ஒருவர் என்னும் அளவில் அக்குற்றத்தைச் செய்திருந்தனர். ஆணைக்குழு எதுவும் இதனினுந் தெளிவான அறிக்கையை எழுதியிராது. யூன் மாதத்திலே அந்த டிவிசனுக்கு லீ-என்பீல்ட் வழங்கப்பட்டது.

பின்வந்த டிவிசன்களோ றொஸ் துவக்குடனேயே பிரான்சுக்கு வந்தன. தோட்டா அறையைச் சற்று அகலமாக்கினர், அவ்வளவே. கனடியப் படையின் தளபதியாயிருந்த அல்டசன் என்னும் ஆங்கிலேயர், 1916இன் தொடக்கத்தில் துவக்கின் குறைகளை விரித்து ஒட்டாவாவுக்கு எழுதினார். அமைச்சர் ஹியூஸ் மார்ச்சு மாதத்தில் அவரைக் கடிந்து மறுமொழி வரைந்தார். குற்றம் தோட்டாவிலேயே உளதென்றார். வரைந்ததோடு அமைந்தாரல்லர். அக்கடிதத்தின் படிகளைப் படை அதிகாரிகள் முதலாக 281 பேருக்கு அனுப்பிவைத்தார். ஒரு தளபதியின் கீழ்ப் பணிபுரிவோர்க்கே அத்தளபதியை இகழ்ந்த கடிதத்தை அனுப்புதல் எந்நாட்டு மரபோ அறியோம். தோட்டாவைப் பற்றி அவர் கூறியது முற்றும் பொய்யன்று என்பதையும் நடுநிலைமையோடு சொல்லவேண்டும். ஆயின் போர்முனையில் நிற்பவன் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க இயலாது. கிடைத்த தோட்டாவை ஏற்காத துவக்கு அவனுக்குப் பயன்படாது.

அல்டசன் மே மாதத்திற் பதவியினின்றும் மாற்றப்பட்டார். சென்ற் எலோய் என்னுமிடத்து நேர்ந்த தோல்வியும் அதற்கொரு காரணம். துவக்கைப் பற்றிய பூசலும் அவருக்கு உதவவில்லை. எனினும் அவர் கூறியதே நிலைத்தது. பிரித்தானியப் பெருந்தளபதி ஹெய்க் துவக்கை மாற்றவேண்டுமென்று எழுத, பிரதமர் போடன் இசைந்தார். 1916இன் கோடைக்காலத்துள் ஏனைய டிவிசன்களும் லீ-என்பீல்ட் பெற்றன. நவம்பரில் ஹியூஸ் பதவி துறந்தார். வேறு பூசல்கள் பலவும் அதற்குக் காரணமாயின. 1917 மார்ச்சில் அரசாங்கம் கியூபெக் ஆலையைத் தன்வசப்படுத்திற்று. சேர் சாள்ஸ் றொஸ் இழப்பீடாக 20 இலட்சம் டொலர் பெற்றார்.

ஹியூஸ் ஒருவரையே இதற்குப் பொறுப்பாளியாக்குதல் எளிது. பலரும் அவ்வாறே செய்தனர். அது நேர்மையன்று. ஒப்பந்தம் செய்தது லோறியரின் அரசாங்கம். கண்ணிழந்த சார்ஜன்ற் மேஜரின் செய்தியை அறிந்தபின்னரும் கொள்வனவைத் தொடர்ந்ததும் அதே அரசாங்கம். 1906இலேயே நின்றிருக்கக்கூடிய ஒன்று, கட்சி மாறியும் நிற்கவில்லை. ஆலையிலே தொழிலாளர் பலர்க்கு வாழ்வு இருந்தது. கியூபெக்கிலே வாக்குகள் இருந்தன. பிஸ்லியிலே பரிசுகள் இருந்தன. இவற்றுள் ஒன்றேனும் துவக்கின் தாழைப் பற்றியதன்று.

மொத்தமாகச் செய்யப்பட்ட துவக்குகள் ஏறத்தாழ 4,20,000. களத்தினின்றும் நீங்கியவை பயிற்சிக்கும் காவலுக்கும் பயன்பட்டன. 1917இல் அமெரிக்கா தன் புதுப்படையினரைப் பயிற்றுவதற்கு 20,000 துவக்குகளை வாங்கியது. 1940இல் டன்கேர்க்கிலிருந்து படைக்கலமிழந்து மீண்ட பிரித்தானியா, உள்ளூர்க் காவற்படையினர்க்கு அவற்றையும் வழங்கியது.

ஒருசாரார் மட்டும் என்றும் வருந்தினாரல்லர். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர், ஏனையோர் எறிந்த பின்னரும் றொஸ் துவக்கையே கேட்டு வாங்கினர். அவர் ஒரு நாளிற் சுடுவது சில தோட்டாக்களே. அவற்றையும் தாமே பார்த்துப் பொறுக்குவர். சேறு படாமற் காப்பர். பிஸ்லித் திடலின் ஒழுங்கைப் போர்க்களத்திலும் பேணக்கூடியவர் அவர் மட்டுமே. அவருள் தலைசிறந்தவர் பிரான்சிஸ் பெகமகபோ என்னும் ஒஜிப்வே இனத்தவர். ஈப்பர் முதற்கொண்டு போர் முடியும்வரை களங்கண்ட இவர் இராணுவப் பதக்கத்தை மும்முறை பெற்றார். இவர் கையிலிருந்தது றொஸ் துவக்கு.