வழி அறிந்தவர் முன்னே



உலகப் படத்தை விரித்துப் பார்த்தால், வட அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் அட்லாண்டிக் மாகடலை நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு பெருநிலத்தைக் காணலாம். அதன் பெயர் லாப்ரடார். இன்று அது கனடா நாட்டைச் சேர்ந்தது. நமக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். அங்கோ, ஆறும் ஏரியும் பல மாதம் உறைந்து கிடக்கும். கரையோரத்தில் மீனவர் குடியிருப்புகளும் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் வியாபாரச் சாவடிகளும் இருந்தன. உள்நாட்டில் இன்னு என்னும் பழங்குடி மக்கள் கரிபு மான்களை வேட்டையாடி வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அங்குள்ள ஏரிகளும் ஆறுகளும் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெளியார் வரைந்த படத்தில்தான் அந்த நிலம் வெற்றிடமாக இருந்தது.

அந்த மண்ணோடு பிணைந்துவிட்ட ஒரு கணவன் மனைவியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

கணவர் பெயர் லியோனிடாஸ் ஹப்பார்ட். நியூயார்க் நகரில் 'அவுட்டிங்' என்னும் இதழின் ஆசிரியர் குழுவில் வேலை. மனைவி மினா, கனடாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க்கில் தாதியாக இருந்தார். ஹப்பார்ட் டைஃபாய்டு காய்ச்சலில் படுத்திருந்தபோது அவரைக் கவனித்துத் தேற்றியவர் மினா. 1901-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். மணமான புதிதிலேயே அமெரிக்காவின் தென்பகுதி மலைகளில் கூடாரமடித்துப் பயணம் செய்தார்கள். காடும் ஆறும் இருவருக்கும் பிடித்தவை.

ஹப்பார்டுக்கு ஓர் ஆசை. லாப்ரடாரின் உள்நாட்டைப் படகிலும் நடையிலும் கடந்து, வடக்கே உங்காவா விரிகுடாவை அடைய வேண்டும். கண்டதை உலகுக்கு எழுத வேண்டும். 1903-இல் புறப்பட்டார். நண்பரும் வழக்கறிஞருமான டில்லன் வாலஸ் உடன் வந்தார். கூலிக்கு அமர்த்தப்பட்ட வழித்துணைவர் ஜார்ஜ் எல்சன். இவருடைய தாய் கிரீ பழங்குடியைச் சேர்ந்தவர், தந்தை ஸ்காட்லாந்துக்காரர். மினா கப்பலில் லாப்ரடார் கரைவரை வந்து, பேட்டில் துறைமுகத்தில் கணவரிடம் விடைபெற்றுத் திரும்பினார். அதன் பிறகு அவர் கணவரை உயிரோடு பார்க்கவில்லை.

1903 ஜூலை 15-ஆம் நாள், நார்த் வெஸ்ட் ரிவர் என்னும் சாவடியிலிருந்து மூவரும் படகேறினார்கள். முதலில் கிராண்ட் ஏரி. பிறகு நாஸ்காப்பி ஆறு. இதுதான் திட்டம். அந்த ஏரியில் ஒரே ஓர் ஆறு வந்து விழுவதாகத்தான் அவர்களிடமிருந்த படம் காட்டியது. உண்மையிலோ பல ஆறுகள் விழுந்தன. மறைவாக இருந்த நாஸ்காப்பியின் வாயைக் கவனியாமல் கடந்து, ஏரியின் கோடிக்குப் போய், சூசன் ஓடைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

நேயர்களே, தவறு அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? ஓடையில் நீர் ஆழமில்லை, பாறைகள் நிறைய. படகையும் மூட்டைகளையும் முதுகில் சுமந்தே நாள் கழிந்தது. நல்ல மீன்வலை கிடைக்காமல் பழைய வலை ஒன்றைக் கொண்டு போயிருந்தார்கள். அது நைந்து போயிற்று. செப்டம்பர் மாதம் ஒரு குன்றின் மேலேறி, தேடிவந்த மிச்சிகமாவ் ஏரியைத் தூரத்தில் கண்டார்கள். அங்கே போய்ச் சேர முடியவில்லை. காற்று படகை விடவில்லை; உணவும் தீர்ந்து வந்தது. திரும்பினார்கள்.

திரும்பும் வழி பசியின் வழி. பழைய எலும்புகளையும் தோல் காலணிகளையும் வேகவைத்துத் தின்றார்கள். அக்டோபர் 18-ஆம் நாள் ஹப்பார்டால் நடக்க முடியவில்லை. அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு மற்ற இருவரும் உதவி தேடிப் போனார்கள். வரும்போது கெட்டுப்போனது என்று எறிந்துவிட்டு வந்த மாவு பூசணத்தோடு கிடைத்தது. அதில் ஒரு பங்கோடு வாலஸ் கூடாரத்தை நோக்கித் திரும்பி, பனியில் வழி தவறினார். எல்சன் தனியே நடந்தார். மரத்துண்டுகளைக் கட்டி மிதக்கவிட்டு ஆறுகளைக் கடந்து, கிராண்ட் ஏரிக்கரையில் ஒரு வேட்டைக்காரரின் வீட்டை அடைந்தார். அங்கிருந்து போனவர்கள் வாலஸைக் காப்பாற்றினார்கள். ஹப்பார்ட் கூடாரத்திலேயே இறந்து கிடந்தார். அந்தக் குளிர்காலத்தில் எல்சனும் வாலஸும் அவர் உடலைக் கரைக்குக் கொண்டுவந்து, 1904-இல் நியூயார்க்கில் சேர்த்தார்கள்.

வாலஸ் இந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அது தம் கணவரைப் பலவீனராகக் காட்டுகிறது என்று மினா அம்மையார் மனம் நொந்தார். கணவர் விட்ட பயணத்தைத் தாமே முடிப்பது என்று தீர்மானித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படிப் புறப்படுவது ஊரார் வாய்க்கு அவல்தான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் முதலில் அழைத்தது யாரை? ஜார்ஜ் எல்சனை. எல்சன் ஜோப், ஜோசப் என்ற அனுபவமுள்ள படகோட்டிகள் இருவரைச் சேர்த்தார். கில்பர்ட் பிளேக் என்ற இளைஞரும் வந்தார். 1903-இல் காப்பாற்றப் போனவர்களில் அவரும் ஒருவர். நாஸ்காப்பி ஆற்றுவழியில் சீல் ஏரிவரை வேட்டைக்குப் போய்ப் பழகியவர். இம்முறை ஆற்றின் வாய் தவறவில்லை. இரண்டு படகுகள், ஏறக்குறைய 400 ராத்தல் மாவு, போதிய தேயிலை, நல்ல துப்பாக்கிகள் என்று ஏற்பாடும் திருந்தியிருந்தது. 1905 ஜூன் 27-ஆம் நாள் புறப்பட்டார்கள். அதே நாளில் வாலஸும் வேறொரு குழுவோடு புறப்பட்டார்.

அம்மையார் துடுப்புப் போடவில்லை, பெருஞ்சுமை தூக்கவில்லை. சூரியனின் உயரத்தை அளந்தார், படம் பிடித்தார், நாள்தோறும் குறிப்பெழுதினார். ஆற்றோடு மல்லுக்கு நின்றவர்கள் அந்த நால்வர். ஒருமுறை ஒரு படகு கவிழ்ந்து, கோடரிகளும் பொரிக்கும் சட்டிகளும் ஆற்றோடு போயின. மற்றொரு நாள் அம்மையார் சொல்லாமல் தனியே குன்றேறிப் போய்விட்டார். தேடி அலைந்த நால்வரும் நடுங்கிப் போனார்கள். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் தாங்கள் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது, சொல்வதை யார் நம்புவார்கள் என்பது அவர்கள் கவலை. கூலிக்குப் போனவன் மேல்தானே பழி முதலில் விழும்? அம்மையார் வருந்தினார். இதை மறைக்காமல் தம் புத்தகத்திலும் எழுதினார்.

ஆகஸ்டில், குன்றுகள் எங்கும் கரிபு மான்கள் மந்தை மந்தையாக நகர்வதைக் கண்டார்கள். வழியில் இன்னு மக்களின் கூடாரங்கள் வந்தன. முதலில் கண்ட கூடாரத்துப் பெண்கள், சாவடிக்கு இன்னும் இரண்டு மாத வழி என்றார்கள். எல்லோருக்கும் திகைப்பு. பிறகு சந்தித்த இன்னுக்கள், விரைந்து போனால் ஐந்து இரவு தூங்கினால் போதும் என்றார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது. ஏனென்றால் கம்பெனியின் கப்பலைத் தவறவிட்டால் குளிர்காலம் முழுதும் அங்கேயே கிடக்க வேண்டும்.

ஜார்ஜ் ஆற்றின் முடிவில், ஆகஸ்ட் 27 அன்று சாவடியை அடைந்தார்கள். "கப்பல் வந்ததா?" என்று அம்மையார் கேட்டார். "வந்தது" என்றார் சாவடிக்காரர். அம்மையாருக்கு உயிரே போய்விட்டது. விசாரித்துப் பார்த்தால், அவர் சொன்னது போன வருடம் செப்டம்பரில் வந்த கப்பலை! வாலஸ் குழு வந்து சேர்ந்தது அக்டோபரில்தான்.

ஏறக்குறைய 576 மைல் பயணம். நாஸ்காப்பி ஆற்றையும் ஜார்ஜ் ஆற்றையும் ஒழுங்காகக் காட்டும் படம் அம்மையாரால் கிடைத்தது. 1908-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதில் கணவரின் நாட்குறிப்பையும் சேர்த்தார். அதோடு, ஹப்பார்டின் கடைசி நாட்களைப் பற்றி எல்சன் சொன்ன விவரத்தை எல்சனின் பெயரிலேயே அச்சிட்டார். சுமை தூக்கியவரின் பெயர் பெரும்பாலும் புத்தகத்தின் ஓரத்தில்கூட வராத காலம் அது.

இருவரின் நட்பும் நீடித்தது. 1936-இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகும், மினா அம்மையார் கனடாவுக்கு வந்து எல்சனோடு மீண்டும் ஆற்றில் படகுப் பயணம் செய்தார். எல்சன் 1944-இலும் அம்மையார் 1956-இலும் காலமானார்கள். ஹப்பார்ட் தூரத்தில் கண்ட மிச்சிகமாவ் ஏரி, 1970-களில் மின்சாரத்துக்காகத் தேக்கிய பெரும் நீர்த்தேக்கத்துக்குள் அடங்கிவிட்டது. இன்னு மக்களின் பழைய வழித்தடங்கள் பலவும் நீருக்கடியில் போயின.

நேயர்களே, மழைநாளில் எந்த ஓடை முதலில் புரளும், எந்தப் பாலம் வழுக்கும் என்பது தோட்டத்தில் நடந்து பழகியவருக்குத்தான் தெரியும். அலுவலகச் சுவரில் தொங்கும் படத்துக்குத் தெரியாது. ஹப்பார்டிடம் துணிவு இருந்தது. நல்ல மனமும் இருந்தது. படத்தில் ஒரு கோடு குறைந்திருந்தது. மினா அம்மையார் அந்த ஆற்றை நன்கு அறிந்த மனிதரை முன்னே விட்டு, தாம் பின்னே போனார். பிறகு படத்தில் அந்தக் கோட்டையும் வரைந்தார்.

பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் நாளை எத்தனையோ படங்களை வரையப் போகிறார்கள். கோடு போடுமுன், அந்த வழியில் நடந்தவரை ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் பெயரையும் படத்தின் ஓரத்தில் எழுதட்டும்.