எச்.ஐ.வி. குழந்தைகளை வளர்த்தது யார்? ஆம்பூர் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது நம் வேலூரில்தான் என்று சொன்னால், கூட்டங்களுக்கு வரும் மாணவர்கள் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். 1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளோடு இரவு ரயிலில் காட்பாடி வந்து, சி.எம்.சி. ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

நிர்மலாவுக்கும் சுனிதி சாலமனுக்கும் உரிய மரியாதை தாமதமாகவேனும் கிடைத்தது. ஆனால் இந்தக் கதையில் குழந்தைகள் வருவதே இல்லை. அதன் பிறகு எழுதப்பட்ட எச்.ஐ.வி. வரலாறுகளிலும் மருத்துவர்கள் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், வெளிநாட்டு நிதி வருகிறது. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின் அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டது யார், மாத்திரை கொடுத்தது யார், பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசியது யார் என்ற கேள்வி ஒரு அடிக்குறிப்புக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

முதலில் நடந்தது அடைத்து வைப்பது. தொற்று உள்ளதாகத் தெரிந்த பெண்களைக் காப்பகத்திலிருந்து வெளியே விடாமல் வைத்திருந்தது அரசு. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 1990-இல், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. இந்தப் புத்தி புதிதல்ல. தொழுநோயாளிகளைப் பிடித்து ஒதுக்கி வைக்க வெள்ளைக்காரன் 1898-இல் போட்ட சட்டத்தை, சுதந்திர இந்தியா 2016-இல்தான் முழுதாக நீக்கியது. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை காட்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நோய் குணமான பிறகும் ஊருக்குள் திரும்ப முடியாத மனிதர்களைப் பார்த்து வளர்ந்த வட்டாரம் இது. நோயைவிட ஒதுக்கலுக்கு ஆயுள் அதிகம் என்பதை இங்கே யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஒதுக்கல் 'இல்லம்' என்ற வடிவத்தில் வந்தது. நான் இல்லங்களுக்கு எதிரி அல்ல. 1990-களில் குழந்தை மருத்துவர் மனோரமாவின் 'செஸ்' அமைப்பு சென்னையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை ஏற்றுக்கொண்டபோது, அவர்களைத் தொடவே ஆளில்லை. அது துணிச்சலான வேலை. ஆனால் சொந்த ஊரில் ஆயா இருக்கிறாள், சித்தி இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் பிள்ளையை வண்டியில் ஏற்றி இல்லத்துக்கு அனுப்புவதே தீர்வு என்ற பழக்கம் வந்ததே, அதைத்தான் நாம் சாதிக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பதிவு இருக்கிறது, பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு ஆளில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள் பி.சி. ஆகக் கருதப்படுவார்கள். சாதியே தெரியாத குழந்தைக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சேரியிலிருந்து போன பிள்ளையின் கதையை யோசியுங்கள். அப்பாவின் சாதிச் சான்றிதழ் எங்கோ டிரங்க் பெட்டியில். பெட்டி இருந்த வீடு பெரியப்பா கையில். இல்லத்துப் பதிவேட்டில் 'பெற்றோர் இல்லை'. யாரும் ஊருக்குப் போய் விசாரிக்காவிட்டால், பட்டியல் சாதியில் பிறந்த பிள்ளை அந்த உரிமையை இழந்து வெளியே வரும். இல்லம் கிறித்தவ இல்லமாக இருந்து, ஞானஸ்நானமும் ஆகிவிட்டால் சிக்கல் இன்னொரு மடங்கு. மதம் மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பி.சி.தான் என்பது தெரிந்ததே. கிருமிக்குச் சாதி கிடையாது என்று விழிப்புணர்வுப் பலகைகளில் எழுதுவார்கள். சரிதான். ஆனால் சாவுக்குப் பிறகு மிஞ்சும் பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ், ஆயாவின் முதியோர் பென்ஷன் எல்லாவற்றுக்கும் சாதி உண்டு.

அந்த டிரங்க் பெட்டியைத் தேடிப் போனவர்கள்தான் இந்தக் கட்டுரையின் ஆட்கள்.

மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் வந்தது. மாநில அளவில் இப்படி ஒரு சங்கம் நாட்டிலேயே அதுதான் முதல். நிதி பெரும்பாலும் தடுப்புக்குப் போனது: லாரி ஓட்டுநர், ஆணுறை, விளம்பரம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூரை நடுவில் பிளந்துகொண்டு போவதால் அந்தப் பலகைகளை நாம் நிறையப் பார்த்தோம். இலவசக் கூட்டுமருந்து 2004 ஏப்ரலில் நாட்டின் எட்டு இடங்களில் தொடங்கியது, அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். குழந்தைகளுக்கென்று தனித் தேசியத் திட்டம் வர 2006 நவம்பர் ஆனது. இடைப்பட்ட காலத்தில் பெரியவர்களின் மாத்திரையை எடைக்கேற்ப உடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பாதி என்றால் எந்தப் பாதி, கால் என்றால் எவ்வளவு என்று எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு யார் சொல்வது?

இங்கேதான் பக்கத்துத் தெருப் பெண் வருகிறாள். பெரும்பாலும் அவளும் தொற்றுள்ளவள், கணவனை இழந்தவள். 1998-இல் பி.கௌசல்யாவும் தோழிகளும் சென்னையில் 'பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு' தொடங்கியதற்குப் பின்னால் இருந்தது இதே அனுபவம்தான்: திருமணத்தின் வழியே தொற்று வந்தது, பழி மட்டும் தன் தலையில். பிறகு மாவட்டந்தோறும் பாசிட்டிவ் சங்கங்கள் வந்தன. கூட்டத்துக்கு வந்த பெண்களில் சிலர் மற்றவர்களின் பிள்ளைகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் திட்ட மொழியில் வைத்த பெயர் 'சமூகத் தன்னார்வலர்'.

ஏன் இவர்களால் முடிந்தது, சமூகப் பணி படித்த என்னைப் போன்றவர்களால் முடியவில்லை? ஒரு காரணம் மிக எளியது. அமைப்பின் ஜீப் தெருமுனையில் நின்றால், எந்த வீட்டுக்கு வந்தது என்று தெருவே பார்க்கும். இவள் நடந்து வருவாள், கையில் தைக்க வாங்கிய ஷூ மேல்பாகங்கள் உள்ள மூட்டை இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ பெண்கள் ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுப்பவர்கள். மூட்டையோடு ஒருத்தி இன்னொருத்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரகசியம் காக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தத் திட்ட அலுவலரும் யோசித்திருக்க முடியாது.

ஆனால் அந்தத் திண்ணையில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் அவளுக்குத் தைக்காத ஜோடி. ஆம்பூரிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துப் போனால், இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கித் திரும்ப ஒரு நாள் போய்விடும். அன்றைய கூலி இல்லை. 'தன்னார்வம்' என்ற சொல் இந்தக் கூலியைத்தான் மறைக்கிறது. கோப்புகளில் இதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர், அதுவும் திட்டம் நடக்கிறவரைதான்.

அவர்கள் செய்த வேலையை நான் பார்த்தவரை சொல்கிறேன். காலை, இரவு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மாத்திரை. மாத்திரையைப் பவுடர் டப்பாவில் மாற்றி வைக்கச் சொல்லித் தருவது, ஏனென்றால் மருந்து டப்பாவைப் பார்த்தால் வாடகை வீடு போய்விடும். 'எனக்கு மட்டும் ஏன் தினமும் மாத்திரை' என்று பத்து வயதில் பிள்ளை கேட்கும்போது பதில் சொல்வது. பள்ளியில் பெற்றோர் கையெழுத்து. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம். இறப்புக்கு என்ன காரணம் என்று எல்லாரும் கேட்கும் இடத்தில் 'காய்ச்சல்' என்று நிதானமாகச் சொல்வது. அந்த ஒரு பொய்யை நான் எந்த அறநெறி வகுப்பிலும் குறை சொல்ல மாட்டேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஜிம்பாப்வேயின் முட்டாரே நகரைச் சுற்றி, 1993-இல், 'ஃபாக்ட்' என்ற அமைப்பு உள்ளூர்த் திருச்சபைப் பெண்களைக் கொண்டு பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கும் நடந்து போனவர்கள் ஏழைப் பெண்கள், பலர் தாங்களே அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். இல்லம் கட்டுவதைவிடப் பிள்ளை பிறந்த தெருவைப் பலப்படுத்துவதே மேல் என்ற கருத்தை உலக அமைப்புகள் ஆப்பிரிக்கப் பெண்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டன. 2007 வாக்கில் குளோபல் ஃபண்ட் நிதியோடு 'சாஹா' என்ற பெயரில் அது தமிழ்நாடு, ஆந்திரா, மகாராஷ்டிரா, மணிப்பூருக்கு வந்தது. பிள்ளைகளுக்குச் சத்துணவும் படிப்புச் செலவும் கிடைத்தன. திட்டக் காலம் முடிந்தது, ஊக்கத்தொகை நின்றது. பிள்ளைகளின் வயது மட்டும் நிற்கவில்லை. 2009-இல் தமிழ்நாடு அரசு ஐந்து கோடி ரூபாய் வைப்புநிதியில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு அறக்கட்டளை அமைத்தது. பணம் பிள்ளைக்குப் போகிறது, நல்லது. பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போனவளுக்கு அதில் இடமில்லை.

நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2003-இல் கேரளத்தின் கொல்லம் பகுதியில் எச்.ஐ.வி. உள்ள இரண்டு குழந்தைகளைப் பள்ளி வெளியேற்றியது நாடு முழுக்கச் செய்தியானது. மத்திய அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்களைக் கட்டியணைத்த படம் பத்திரிகைகளில் வந்தது. இங்கே படம் வராத சம்பவங்கள் உண்டு. தனி டம்ளர், தனித் தட்டு, பிணத்தைத் தூக்க ஆள் வராதது. இரட்டைக் குவளைக்கு எதிராகக் கொடி பிடித்த அதே தெருவில், எச்.ஐ.வி. பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தார்கள். அந்தத் தட்டில் கை போட்டு முதலில் சாப்பிட்டவள் தன்னார்வலர் என்று அழைக்கப்பட்ட இந்தப் பெண்தான், எந்தக் கட்சியின் பொறுப்பாளரும் அல்ல. தலித் அரசியல் வரலாற்றை எழுதும்போது மாநாடுகளோடு இதையும் எழுதினால் என்ன?

இப்போது கையில் இருக்கும் ஆயுதங்கள் முன்பைவிட அதிகம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், பள்ளியிலும் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு பிரிவு. பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திவரும், போதிய முதிர்ச்சியுள்ள அக்காவோ அண்ணனோ, 12 வயது நிரம்பியிருந்தால், தம்பி தங்கைகளின் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து ஆகியவற்றுக்குக் காப்பாளராக இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பெண் குடும்பத் தலைவியாக இருப்பது தெருவுக்கு எப்போதோ தெரியும், சட்டத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குக் காப்பாளரை எழுதி வைக்கவும் இச்சட்டத்தில் வழி உண்டு. வங்கி மேலாளரும் தலைமையாசிரியரும் இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். சட்ட நகலை எடுத்துக்கொண்டு போங்கள்.

மிஷன் வத்சல்யாவில் உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரில்லாப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000-க்குள்ளும் இருக்க வேண்டும். ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம் என்பதால், விண்ணப்பம் அங்குள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். பழைய பழக்கத்தில் வேலூருக்கு அலைய வேண்டாம்.

அன்றைய பிள்ளைகளில் பலருக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. சிலர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மருந்து வாங்கும் நாளுக்கு என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது என்பது அவர்களின் பிரச்சினை. அவர்களை வளர்த்த பெண்களுக்கு அறுபதை நெருங்குகிறது. அவர்களிடம் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன: எந்தத் தேதியில் எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து, பஸ் செலவு எவ்வளவு, எந்த அலுவலகத்தில் எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள் என்று. மாநாட்டுத் துண்டறிக்கைகளைச் சேகரிக்கும் தோழர்கள் இவற்றையும் சேகரிக்கத் தொடங்க வேண்டும். போகும்போது மோட்டார் பைக்கைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நோட்டைப் படம் எடுக்கும் முன் பிள்ளைகளின் பெயர் வரும் இடங்களை அந்த அம்மாவையே மறைக்கச் சொல்லுங்கள். எது வெளியே போகலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரும் அந்தப் பிள்ளைகளும்தான்.