மின்ரயில் வந்தது, பவுன் போனது

1931 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்துச் சம்பளக்காரர்கள் தெற்கே மனை வாங்கிக் குடியேற வழி பிறந்தது. ஆனால் அந்தத் தண்டவாளத்துக்கு அப்பால், சென்னை மாகாணத்துக் கிராமங்களில், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொன் வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

உலகப் பெருமந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்துவிட்டது. தீர்வையும் வட்டியும் அந்த வேகத்தில் இறங்கவில்லை. அதே 1931இல், செப்டம்பர் 21ஆம் தேதி, பிரிட்டன் தன் பவுண்டைத் தங்கத்திலிருந்து விலக்கிக்கொண்டது. பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்கியது. 1927 சட்டப்படி 21 ரூபாய்ச் சொச்சமாக இருந்த ஒரு தோலா தங்கம், சில ஆண்டுகளில் 35 ரூபாயைத் தொட்டது. நல்ல விலை என்று விற்றவர்கள் உண்டு. கடன்காரன் வாசலில் நின்றதால் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவர்களே அதிகம். 1937 வாக்கில், ஏறத்தாழ 300 கோடி ரூபாய்த் தங்கம் இந்தியாவிலிருந்து கப்பலேறியிருந்தது. காங்கிரஸ்காரர்கள் ஏற்றுமதியைத் தடுக்கச் சொன்னார்கள், அரசு அசையவில்லை.

அந்தக் குடும்பங்கள் இழந்தது எவ்வளவு என்று இரண்டாம் உலகப் போர் காட்டிக்கொடுத்தது. போர்ச் செலவுக்காக நோட்டு அச்சாகிக்கொண்டே இருந்தது. 1943இல் பொருள்களின் மொத்த விலை போருக்கு முன்பிருந்ததைப் போல இரு மடங்கைத் தாண்டிவிட்டது. மக்கள் கையில் புழங்கிய பணத்தை உறிஞ்ச, நேச நாடுகளின் தங்கத்தை ரிசர்வ் வங்கி பம்பாய்ச் சந்தையில் விற்றது. அந்த விலை, 1931இல் உழவருக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்குக்கும் மேலே.

சுதந்திரத்துக்குப் பிறகு அடி விழுந்தது நகை செய்யும் பத்தர்கள் மேல். சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், உரைகல், குந்துமணி எடை என்று திண்ணையோரப் பட்டறையில் பிழைத்தவர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. நாடெங்கும் பொற்கொல்லர் தற்கொலைகள் செய்தியாயின. தாலிக்கு 22 காரட் கேட்டுப் பழகிய ஊரில் அந்தச் சட்டம் எப்படி நிற்கும்? 14 காரட் வரம்பு 1966இல் நீங்கியது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 1990 வரை நீடித்தது.

நகை வாங்குவதை வீண் ஆசை என்று டில்லி நெடுங்காலம் கண்டித்துவந்தது. அது நியாயமான பேச்சல்ல. 1970இல் பத்து கிராம் தங்கம் 184 ரூபாய், 1980இல் 1,330. அந்தப் பத்தாண்டில் ரூபாயைப் பெட்டியில் பூட்டி வைத்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? தாம்பரம் பக்கத்துக் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மனைக்கு முன்பணம் கட்ட, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட, வளையல்கள்தான் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பின. 1991இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இந்திய அரசும் அதையே செய்தது: நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருக்க, ஏறத்தாழ 47 டன் தங்கம் ஈடாக வெளிநாடு போனது. அரசு அடகு வைத்தது, மீட்டது. 1931இன் உழவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. பொன்னின் மதிப்பு கெடாமல்தான் இருந்தது. அதைக் கையில் வைத்திருக்க முடியாதவருக்குத்தான் நட்டம்.

2025 தொடங்கியபோது சென்னையில் ஒரு பவுன் ஏறக்குறைய 57,000 ரூபாய். ஏப்ரலில் 70,000 தாண்டியது. விலை ஏறும்போது அடகு வைக்கும் ஆசையும் ஏறும். 2021 முதல் ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டதால், புது 22 காரட் நகையில் 916 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய நகை வங்கியில் இருந்தால் அடகுச் சீட்டில் மீட்கும் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். ஏலம் போனாலும் அசலும் வட்டியும் செலவும் கழித்து மிஞ்சும் தொகை உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.