பாலிஷ் மெஷின் சிறுத்த கதை

காருக்கு வீட்டிலேயே பாலிஷ் போட மெஷின் வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது அளவுதான். பேடின் விட்டம் 75, 125, 150, 180 மி.மீ. என்று ஒரு வரிசை. பேடின் மையம் ஆடிப் போடும் வட்டம், அதாவது வீச்சு, 8, 15, 21 மி.மீ. என்று இன்னொரு வரிசை. பெரிதாக வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும், கொடுத்த காசுக்கும் பெறுமதி என்பதே பெரும்பாலானவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அது பொருந்திய காலமும் உண்டு. ஆனால் பெரிய மெஷின் எந்தப் பெயின்ட்டுக்காக உருவானதோ அந்தப் பெயின்ட் இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் இல்லை. பெயின்ட்டின் மேலடுக்கு எவ்வளவு தடிமன், தகடு எங்கெங்கே வளைகிறது, மோட்டார் எந்த அளவு பேடை இழுக்கும் என்ற மூன்று கேள்விகளே ஒவ்வொரு காலத்திலும் மெஷினின் அளவைத் தீர்மானித்தன. கடந்த நூறு ஆண்டுகளில் மூன்றுக்கும் விடை மாறிவிட்டது. வீட்டில் பாலிஷ் போடுகிறவருக்கான அளவு 125 மி.மீ. பக்கம் வந்து நின்றது அந்த மாற்றத்தால்தான்.

முதல் கார்களுக்கு மெஷின் பாலிஷ் என்ற பேச்சே இல்லை. அவை குதிரை வண்டிக்காரர்களின் தொழில்முறையில்தான் வண்ணம் பூசப்பட்டன. எண்ணெய் கலந்த பெயின்ட்டையும் வார்னிஷையும் பிரஷ்ஷால் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் காய நாள்கணக்கில் காத்திருந்து, நடுவில் நுரைக்கல் பொடியும் தண்ணீரும் விட்டுக் கையால் தேய்ப்பார்கள். ஒரு நல்ல கார் பூச்சு முடிந்து வெளியே வர வாரங்கள் ஆகும். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றதற்குப் பின்னாலும், சூளையில் வைத்துக் காயவைக்கும் கறுப்புப் பூச்சை நம்பிய உற்பத்தி முறை இருந்தது. வார்னிஷின் பளபளப்பு அது காயும்போது தானாக வருவது. வெயிலில் மங்கிவிட்டால் தேய்த்து மீட்க முடியாது, மேலே இன்னொரு கோட் அடிக்க வேண்டும். ஆகவே கார் வைத்திருந்தவரின் வேலை துடைப்பதோடும் மெழுகு பூசுவதோடும் நின்றது. சிகாகோவில் 1910-ல் தொடங்கிய சைமனைஸ் போன்ற மெழுகு வியாபாரங்கள் வளர்ந்தது அந்தச் சூழலில்தான். அங்கே தேவைப்பட்ட ஒரே கருவி துணி சுற்றிய கை.

நிலைமையைப் புரட்டிப் போட்டது டூகோ. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காக நைட்ரோசெல்லுலோஸ் தயாரித்துக் குவித்த டூபான்ட் நிறுவனம், போர் முடிந்ததும் அதே பொருளைக் கரைத்து டூகோ என்ற லேக்கர் வண்ணப்பூச்சாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாந்து கார் 1924 மாடலில் அதை நீல நிறத்தில் பூசிக்கொண்டு வந்தது. ஸ்ப்ரே கன்னால் அடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். வாரக்கணக்கான வேலை நாள்கணக்கில் சுருங்கியது. நம் ஊர் பட்டறைகளில் இன்றும் ஸ்ப்ரே அடிப்பதை டூகோ என்று சொல்வதற்கு மூலம் இதுதான். ஆனால் இந்த லேக்கருக்கு ஒரு குறை இருந்தது. காய்ந்ததும் அது மங்கலாகவும் சொரசொரப்பாகவும் நிற்கும். காம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசை வைத்துத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். சில ஆண்டுகள் வெயில் பட்டதும் மேற்பரப்பு சுண்ணாம்பு போலப் பூத்துவிடும். மறுபடியும் தேய்க்க வேண்டும். வண்ணமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்ததால் தேய்க்கத் தேய்க்கப் புதுப் பரப்பு வெளிவந்துகொண்டே இருந்தது. தொழிற்சாலையிலும் பட்டறையிலும் தேய்ப்பு ஓயாத வேலையானது இப்படித்தான்.

அந்த வேலைக்கு மெஷின் வந்தது உலோகத் தொழிலிலிருந்து. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895-ல் மின்சாரக் கைத்துளைப்பானைச் செய்தது. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் துப்பாக்கிப் பிடியும் விசையும் உள்ள துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றது. 1922-ல் தொடங்கிய அக்கெர்மன் உண்ட் ஷ்மிட், பின்னாளில் ஃப்ளெக்ஸ் என்று அறியப்பட்ட ஜெர்மன் நிறுவனம், 1954-ல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. கார் பட்டறையின் ரோட்டரி பாலிஷர் இந்தக் குடும்பத்தில் வேகம் குறைந்த உறுப்பினர்: ஒரே அச்சில் சுற்றும் தட்டு, அதன் மேல் ஆட்டு ரோமப் பேடு, விட்டம் 180 மி.மீ. அல்லது அதற்கும் மேல். அந்தப் பெரிய அளவில் அன்று தவறேதும் இல்லை. 1950-களின் அமெரிக்கக் கார்களின் பானெட்டும் பின்பெட்டி மூடியும் அகலமான எஃகுத் தகடுகள். லேக்கர் பல கோட்டுகளாக அடித்த தடித்த பூச்சு. மெஷினைப் பிடித்தவர் நாள் முழுவதும் அதையே செய்து பழகியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு ஒரு எச்சரிக்கையும் இருந்தது. சிவப்புக் காரைத் தேய்த்தால் பேடு சிவக்கும், நீலக் காரைத் தேய்த்தால் நீலமாகும். எவ்வளவு பெயின்ட் வெளியேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

1980-களில் கிளியர் கோட் பரவியதும் அந்த எச்சரிக்கை மறைந்தது. இப்போது வண்ணம் கீழே மெல்லிய அடுக்காக இருக்கிறது; அதன் மேல் நிறமற்ற பூச்சு. அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் இந்த மேலடுக்கில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்து மெலிய வைத்தால் சில ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் பெயர்ந்துவிடும். நிறமற்றதைத் தேய்க்கும்போது பேடில் நிறம் ஏறாது. எவ்வளவு போனது என்று கண் சொல்லாது, தடிமன் பார்க்கும் மீட்டர்தான் சொல்லும். இந்தப் பூச்சின் மேல் பழைய 180 மி.மீ. ரோட்டரி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பெயின்ட்டை உரசுகிறது. அதே சுற்றில் 75 மி.மீ. பேடின் விளிம்பு போவது மணிக்கு 21 கி.மீ.தான். ரோட்டரியைப் பொறுத்தவரை விட்டம் கூடுவது வெறும் பரப்பளவு அல்ல, விளிம்பு வேகமும் சூடும் கூடுகின்றன. அந்த வேகம் பானெட்டின் விளிம்பிலோ கதவில் ஓடும் மடிப்புக் கோட்டிலோ பட்டால், பூச்சு மெலிந்திருக்கும் அந்த இடத்தில் ஒரு நொடி தாமதம் போதும், அடிநிறம் தெரிந்துவிடும். இன்றைய பம்பர்கள் பிளாஸ்டிக்; சூட்டைப் பரப்பிவிடும் எஃகு அல்ல. அங்கே ஆபத்து இன்னும் கூடுகிறது.

வீட்டு உபயோகத்துக்கு விற்றவை வேறு பாதையில் வந்தன. அமெரிக்கக் கடைகளில் பல ஆண்டுகள் கிடைத்தது 10 அங்குல, அதாவது 250 மி.மீ. அளவுள்ள, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மெழுகு மெஷின். தட்டின் மேல் டவல் துணி உறையை மாட்டி ஓட்ட வேண்டும். பார்க்கப் பெரிது, செய்வது குறைவு: மெழுகைப் பூசும், துடைக்கும், கீறலை எடுக்காது. மோட்டார் வலுவில்லாததால் ஆபத்தும் இல்லை, பலனும் இல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் வழி காட்டியது மரவேலைக்காரர்களின் டூயல் ஆக்‌ஷன் மெஷின். இதில் மோட்டார் நேரடியாக இழுப்பது பேடு ஆடும் சிறு வட்டத்தை மட்டுமே. பேடு தன்னைத் தானே சுற்றிக்கொள்வது பேரிங்கின் மேல் சுதந்திரமாக நடக்கும். அளவுக்கு மீறி அழுத்தினாலோ சாய்த்தாலோ அந்தச் சுழற்சி நின்றுவிடும். கருவியே போட்டுவைத்த பாதுகாப்பு இது. பெயின்ட்டை எரிப்பது மிகக் கடினம்.

பேடின் அளவு பற்றிய முக்கியமான பாடம் இங்கேதான் கிடைத்தது. அமெரிக்காவில் காரைத் தாங்களே பராமரிக்கும் ஆர்வலர்களிடம் பரவிய போர்ட்டர்-கேபிள் 7424, 8 மி.மீ. அளவு ஆடுவது, 150 மி.மீ. பேடோடு ஓடியது. அந்தப் பேடில் கீறல் எடுக்க முயன்றபோது மெஷின் திணறியது. பேடைத் தாங்கும் தட்டின் (பேக்கிங் பிளேட்டின்) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டு ஓட்டினால் காரணம் விளங்கிவிடும்: அழுத்தம் கொடுத்ததும் கோடு அசையாமல் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். பேடு சுற்றவில்லை, அதிர்கிறது, அவ்வளவுதான். பேடை 140 மி.மீ.க்கும் பிறகு 100 மி.மீ.க்கும் குறைத்தபோது அதே மோட்டார், அதே கை, அதே காம்பவுண்டு. ஆனால் கோடு சுற்றத் தொடங்கியது, கீறலும் போனது. பெரிய பேடு பெரிய வேலை செய்யும் என்ற நம்பிக்கையை வீட்டு ஆர்வலர்களே கைப்பட உடைத்தார்கள். மோட்டாரால் இழுக்க முடியாத பரப்பு, எத்தனை சதுர சென்டிமீட்டர் இருந்தாலும், வேலை செய்யாத பரப்பே.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் இத்தாலியிலிருந்து வருகிறது. 1947-ல் தொடங்கிய ரூப்பெஸ் நிறுவனம் 2010-களின் தொடக்கத்தில் பெரிய வீச்சுள்ள பிக்ஃபுட் மெஷின்களைக் கொண்டுவந்தது: 125 மி.மீ. தட்டோடு 15 மி.மீ. வீச்சு, 150 மி.மீ. தட்டோடு 21 மி.மீ. வீச்சு. ரோட்டரியின் வேகத்தையும் டூயல் ஆக்‌ஷனின் பாதுகாப்பையும் அவை ஓரளவு ஒன்று சேர்த்தன. அப்படியானால் மோட்டார் பிரச்சினை தீர்ந்துவிட்டதே, பெரியதையே வாங்கலாமே என்று கேட்பது நியாயம். மோட்டார் என்ற ஒரு கேள்விக்குத்தான் அது பதில். தகட்டின் வளைவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 150 மி.மீ. தட்டில் ஏறும் பேடு 180 மி.மீ. வரை இருக்கும். அது முழுதாகப் படிவதற்குச் சமதளம் வேண்டும். பானெட், கூரை, பெரிய வண்டியின் கதவு ஆகியவற்றில் அது கிடைக்கும். சிறிய ஹேட்ச்பேக்கின் பக்கவாட்டில், கைப்பிடிக்கும் மடிப்புக் கோட்டுக்கும் சக்கர வளைவுக்கும் நடுவில், பேடின் ஒரு ஓரம் மட்டுமே படும். ஓரம் மட்டும் பட்டால் நீண்ட வீச்சுள்ள மெஷின் சட்டென்று சுழற்சியை இழக்கும். 21 மி.மீ. வீச்சு ஒரு நாளில் பல கார்களை முடிக்க வேண்டியவரின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பொருந்தும். ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரே காரைத் தொடுகிறவருக்கு அந்த மிச்சம் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது.

இன்னொரு மறுப்பு, நல்ல தொழிலாளர்கள் இன்றும் ரோட்டரியை விடவில்லையே என்பது. உண்மைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஆழமான கோடுகளை எடுக்கவும், படகுகளின் தடித்த ஜெல் கோட்டைப் பளபளக்க வைக்கவும் அதற்கு இணை குறைவு. ஆனால் அந்தத் தொழிலாளி கோணத்தையும் அழுத்தத்தையும் பழக்கத்தால் கட்டுப்படுத்துகிறார். மடிப்புகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார். தடிமன் மீட்டரை வைத்துக்கொள்கிறார். கடைசியில் ரோட்டரி விட்டுச்சென்ற வட்டக் கோடுகளை டூயல் ஆக்‌ஷன் மெஷினாலேயே அழிக்கிறார். கருவியின் சிறப்பாகத் தெரிவதில் பெரும்பகுதி அவருடைய பயிற்சி. கடினமான கிளியர் கோட் இருக்கும் கார்களுக்குப் பெரிய மெஷின் வேண்டாமா என்றும் கேட்பதுண்டு. மெர்சிடிஸ் 2003-ல் நுண்துகள் கலந்த கீறல் தாங்கும் பூச்சை அறிமுகம் செய்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. கடினமான பூச்சுக்கு மாற்ற வேண்டியது காம்பவுண்டையும் பேடின் வகையையும். நுரைப் பேடுக்குப் பதில் மைக்ரோஃபைபர் பேடு போட்டால் கிடைக்கும் வெட்டும் திறன், விட்டத்தைக் கூட்டுவதால் கிடைப்பதில்லை.

அப்படியானால் ஒரேயடியாக 75 மி.மீ. மெஷினுக்கே போய்விடலாமா? சிறியது என்றாலே சாது என்று நினைப்பதும் பெரியதை நம்புவதைப் போலவே பிழை. 150 மி.மீ. பேடோடு ஒப்பிட்டால் 75 மி.மீ. பேடின் பரப்பு கால் பங்கு. 5 கிலோ அழுத்தம் கொடுத்தால் பெரிய பேடில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 28 கிராம் விழுகிறது, சிறியதில் 113 கிராம். நான்கு மடங்கு அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்து சூடேறும். கூரை முழுவதையும் அதனால் தேய்த்தால் நேரம் இழுப்பதோடு, ஒரு திட்டு அதிகமாகவும் பக்கத்துத் திட்டு குறைவாகவும் வெட்டுப்பட்டு, வெயிலில் அலை அலையாகத் தெரியும். கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண், கண்ணாடிக் கூடு, பம்பரின் மூலை ஆகியவைதான் அதன் இடம். இரண்டாவது மெஷினாக வாங்கத் தகுந்தது அது.

இரண்டு பிழைகளுக்கும் நடுவில் 125 மி.மீ. தட்டு நிற்பதற்குக் காரணங்கள் இப்போது தெளிவு. அதில் ஏறும் 130 முதல் 150 மி.மீ. பேடு பானெட்டில் நேரத்தை வீணடிக்காத அளவு பெரியது. கதவின் மடிப்புகளுக்கு நடுவில் முழுதாகப் படியும் அளவு சிறியது. 8 மி.மீ. வீச்சுள்ள மெஷின் அந்தப் பேடுகளில் சிறியதையும், 15 மி.மீ. வீச்சுள்ளது பெரியதையும் திணறாமல் சுழற்றும். வாங்குகிறவர் கடையில் கேட்க வேண்டியது எத்தனை வாட் என்பதை அல்ல, அழுத்தம் கொடுத்த பின்னும் பேடு சுற்றுகிறதா என்பதை. கையில் இருக்கும் கார் பெரிய எஸ்.யூ.வி.யாக இருந்தால் 150 மி.மீ. தட்டைப் பற்றி யோசிக்கலாம். பழைய ஒற்றை அடுக்குப் பெயின்ட் உள்ள அம்பாசடராக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் துணியலாம், பேடில் ஏறும் நிறமே எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும். மற்ற கார்களில் அந்தத் துப்பு கிடைக்காது. அங்கே அளவைக் கட்டுக்குள் வைப்பதே வீட்டுக்காரரின் கையிலுள்ள முக்கியமான காப்பு. போன கிளியர் கோட்டை எந்த மெஷினாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.